நண்டு ரத்தத்தில் பிழைத்தவை

கும்மிடிப்பூண்டி மார்க்கத்து ரயிலில் உயிர் நண்டோடு ஏறுகிறவளுக்கு உட்கார இடம் கிடைக்காமல் போகாது. திங்கட்கிழமை காலை பொன்னேரியில் பெண்கள் பெட்டி பிதுங்கி வழியும். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு ஏறினால் போதும். உள்ளே கரகரவென்று சத்தம் கேட்கும், பக்கத்தில் இருக்கிற அம்மா புடவையை இழுத்துச் சுருட்டிக்கொண்டு நகர்ந்துவிடுவார். முதல் மாதம் எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டாவது மாதத்திலிருந்து நானே வாளியை லேசாக ஆட்டிவிட ஆரம்பித்தேன்.

அவை குழம்புக்குப் போகிற நண்டுகள் அல்ல, ரத்தம் கொடுக்கப் போகிற நண்டுகள். சென்னையில் ஒரு கல்லூரியில் நான் அப்போது ஆராய்ச்சி மாணவி. நேர்முகத் தேர்வில் எங்கள் பேராசிரியை என்னிடம் கேட்ட இரண்டாவது கேள்வியே "எந்த ஊர்?" என்பதுதான். பழவேற்காட்டுப் பக்கம், கோட்டைக்குப்பத்தை ஒட்டி என்றேன். "அங்கே உயிர் நண்டு கிடைக்குமா?" என்றார். வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு "கிடைக்கும் மேடம்" என்றேன். என் ஆராய்ச்சித் தலைப்பு அந்த நிமிடத்திலேயே முடிவாகிவிட்டது என்பது எனக்கு மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

நண்டின் ரத்தம் சிவப்பாக இருக்காது. கடைசிக் காலின் அடியில் மெல்லிய ஊசியால் இழுத்தால் தண்ணீர் போல வந்து, காற்றுப் பட்டதும் லேசாக நீலம் பாரிக்கும். அதில் காவல்கார செல்கள் இருக்கின்றன. உடம்புக்குள் நுழைகிற கிருமியைச் சுற்றி வளைத்து விழுங்கிவிடுவது அவற்றின் வேலை. நம் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் செய்கிற அதே வேலைதான். அந்தச் செல்களை ஒரு சோதனைக் குழாயில் விட்டு, கூடவே ஒரு சாது பாக்டீரியாவையும் விடுவேன். யாருக்கும் எந்த நோயும் தராத பாக்டீரியா அது. எத்தனையோ வருஷமாகக் கண்ணாடிக் குழாய்க்குள்ளேயே சொகுசாக வளர்ந்து, வெளியே பிழைக்கிற வித்தையையே மறந்துபோனது. மறுநாள் காலையில் விழுங்கப்படாமல் மிஞ்சியதில் ஒரு சொட்டு எடுத்து, புதுக் குழாயில் புதுச் செல்களோடு விடுவேன். அதற்கு மறுநாளும் அப்படியே; நான் ஊரில் இருக்கிற சனி ஞாயிறில் கூடப் படிக்கிற பெண் மாற்றிவிடுவாள். காலையில் பிறந்த பாக்டீரியா சாயங்காலம் கொள்ளுத்தாத்தா ஆகிவிடும். அதனால் நூற்றுக்கணக்கான தலைமுறைகள் ஒரு மழைக்காலத்துக்குள் ஓடிப்போகும். எந்நேரமும் வாயைப் பிளந்துகொண்டு ஒருத்தன் பக்கத்திலேயே நின்றால், ஒரு சாது ஜீவன் எப்படி மாறும்? இதுதான் நான் கேட்ட கேள்வி. ஆறு குழாய்களில் நண்டுச் செல்கள் உண்டு, ஆறு குழாய்களில் கிடையாது. இரண்டு கூட்டத்துக்கும் ஏதாவது வித்தியாசம் தெரிந்தால் எனக்கு டாக்டர் பட்டம். தெரியாவிட்டால் எனக்குத் திரும்பிப் போக ஊர் இருக்கிறது.

ஊரில் இதை விளக்கப் போய் நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட கதை தனி. கொரோனா வந்து போன பிறகு 'கிருமி' என்று சொன்னாலே ஆட்கள் இரண்டடி பின்னால் நகர்ந்தார்கள். "கிருமிக்குத் தப்பிக்கிறது எப்படினு பாடம் எடுக்கிறியாமே? அப்பால அது எங்கள வந்து கடிச்சா?" என்று டீக்கடையில் கேட்டார்கள். அது வெளியே வராது, வந்தாலும் பிழைக்காது, எல்லாவற்றையும் கொதிக்க வைத்துக் கொன்றுவிட்டுத்தான் குழாயைக் கழுவுவோம் என்று சொன்னேன். நோய்க் கிருமிகள் எப்படித் தப்பிக்கப் பழகுகின்றன என்பதை ஒன்றும் செய்யாத ஒரு பாக்டீரியாவை வைத்துப் பார்த்துவிட்டால் ஆபத்தில்லாமல் தெரிந்துகொள்ளலாம் என்றும் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. அதற்குப் பிறகு யார் கேட்டாலும் "நண்டு ரத்தம் டெஸ்ட் பண்றோம்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அந்தச் சோம்பலுக்கு நான் பெரிய விலை கொடுத்தேன்.

நண்டு பிடித்துத் தந்தது என் அண்ணி.

அண்ணி என்றால் வயதில் மூத்தவள் என்று நினைக்க வேண்டாம். அவளும் நானும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. பத்தாம் வகுப்புக்குப் பிறகு அவள் நைனாவுக்கு உடம்பு முடியாமல் போனது. அவள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அம்மாவோடு ஏரியில் இறங்கிவிட்டாள். மார்பளவு தண்ணீரில் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவி இறால் பிடிக்கிற வேலை. பிடித்ததைப் போட ஓலையில் முடைந்த பறி ஒன்று உண்டு. இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் பறியைப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும். அப்படி நாள் முழுக்க வாயை மூடி வைத்திருந்ததாலோ என்னவோ, கரை ஏறியதும் அவள் பேச்சுக்கு அணை கிடையாது. பிறகு என் அண்ணனைக் கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்கு மறுநாள் நான் வழக்கம்போல 'இன்னாடீ' என்று கூப்பிட, அம்மா என் தலையில் குட்டி 'அண்ணினு கூப்பிடு' என்றார். நான் அண்ணி என்று கூப்பிடப் பழகிக்கொண்டேன். அவள் மட்டும் என்னை 'டீ' போடுவதை நிறுத்தவே இல்லை.

"வாரத்துக்கு எட்டு சேத்து நண்டு வேணும் அண்ணி, உயிரோட" என்று கேட்டேன்.

"எட்டா! எத்தினி பேரு துன்றீங்க?"

"துன்றதுக்கு இல்ல. சதையே வேணாம், ரத்தம் மட்டும் போதும். எடுத்துட்டுத் திருப்பிக் குடுத்துடுவேன், நீ ஏரியில வுட்டுடு."

"ரத்தம் மட்டும் போதுமா? அப்ப சரி" என்றாள். வெள்ளிக்கிழமை ரத்தம் கொடுத்த நண்டுகளை நான் கொண்டு வருவேன். திங்கட்கிழமை புது எட்டைக் கொண்டு போவேன். அண்ணன் அதற்கு ரத்ததான முகாம் என்று பெயர் வைத்தான். ஒரு தடவை ஏரிக்கரையில் நான் நண்டுகளை விட்டுக்கொண்டிருந்தபோது, "ஒரு மாம்பழ ஜூஸ் குடுத்து அனுப்பு, தல சுத்தி வுழுந்துடப் போவுது" என்றான்.

ஆடியில் ஆரம்பித்தேன். ஆவணி போனது, புரட்டாசி போனது. குழாய்களில் ஒன்றும் நடக்கவில்லை. நண்டுச் செல்களோடு இருந்த ஆறும், தனியாக இருந்த ஆறும் ஒரே மாதிரிக் கலங்கலாக, ஒரே மாதிரிக் கொழுத்து வளர்ந்தன. நான் செல்களை ஒவ்வொரு முறையும் எண்ணித்தான் போட்டேன். நுண்ணோக்கியில் கண் பூத்துப்போகும் வரை எண்ணி, குறைந்தால் இன்னும் கொஞ்சம் ரத்தம் எடுத்துச் சரிக்கட்டினேன். கணக்கில் ஒரு பிசகும் இல்லை. ஆனாலும் அந்தக் காவல்காரர்கள் பக்கத்தில் நிற்பதை என் பாக்டீரியா மதித்ததாகவே தெரியவில்லை.

ஐப்பசிக் கடைசியில் பேராசிரியை என்னை அறைக்குக் கூப்பிட்டார். கோபக்காரர் இல்லை, அதனால்தான் அவர் சொன்னது இன்னும் வலித்தது. "சில சோதனைகள் பதில் சொல்லாதும்மா. பொங்கலுக்கு மேல் இதை இழுக்க வேண்டாம். வேறு தலைப்பு பார்க்கலாம்" என்றார். வேறு தலைப்பு என்றால் மறுபடியும் ஒன்றாம் வகுப்பிலிருந்து. என் உதவித்தொகைக் காலமோ முடியப்போகிறது. மூன்று வருஷம் படித்த பிறகு, இறால் தீவனக் கம்பெனியில் மூட்டை சரிபார்க்கிற வேலைக்குப் போவதுதான் மிச்சம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, பன்னிரண்டு குழாய்களையும் அடுத்த நாளுக்கு மாற்றினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

கார்த்திகையில் பெருமழை. முகத்துவாரம் உடைத்துக்கொண்டு கடல் தண்ணீர் ஏரிக்குள் வந்தது. அந்த வாரம் அண்ணி கொடுத்த எட்டும் நல்ல திடகாத்திரமான நண்டுகள். வாளியைத் தூக்கும்போதே கை இழுத்தது. நான் மழைத்தண்ணீர் கூட இருக்கிறது போல என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை இப்போது எழுதவே அசிங்கமாக இருக்கிறது.

அந்த வாரம் ஆறு குழாய்களிலும் பாக்டீரியா செத்து விழுந்தது. ஒன்றிரண்டு மிஞ்சியிருந்தால் அதிசயம். செல்கள் இல்லாத ஆறும் எப்போதும் போலக் கலங்கலாகவே இருந்தன. வேறு யாருக்கும் இதைப் பார்த்தால் சந்தோஷம் வரும். எனக்குக் கோபம்தான் வந்தது. எனக்கு எதற்கும் முதலில் கோபம்தான் வரும். நண்டில் ஏதோ மருந்து பட்டிருக்கிறது, வாளியில் ப்ளீச்சிங் பவுடர் இருந்திருக்கிறது, யாரோ எதையோ செய்துவிட்டார்கள், இருந்த ஆறு குழாயும் போச்சு. வழக்கத்துக்கு ஒரு நாள் தள்ளி, சனிக்கிழமை காலை வீட்டில் பையை வைக்கக்கூட நிற்காமல் நேரே ஏரிக்கரைக்குப் போனேன். அண்ணி அப்போதுதான் கரையேறி, தலைத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். கூட இன்னும் நாலைந்து பெண்கள்.

"இந்த வாரம் நண்டுல இன்னா பண்ண?"

"இன்னா பண்ணேன்? புட்ச்சேன், கட்னேன், குடுத்தேன்."

"எதுனா மருந்து பட்டுச்சா? வாளிய எதுல கழுவுன?"

"மருந்துமில்ல மண்ணுமில்ல. முகத்துவாரம் தொறந்ததுல தண்ணி நண்டு ஒண்ணும் மாட்டல. அதான் போனா போவுதுனு சதை நண்டா எட்டு குடுத்தேன். நல்லதக் குடுத்ததுக்கு சண்டைக்கு வர்ற."

பையை அங்கேயே மணலில் போட்டேன்.

நண்டு வளரும்போது பழைய ஓட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புது ஓடு போடும். புது ஓடு இறுகிய பிறகும் பல நாளைக்கு உள்ளே சதை பிடிக்காது. வெளியிலிருந்து பார்த்தால் முழு நண்டு, உடைத்தால் வெறும் தண்ணீர். எங்கள் பக்கத்தில் அதைத் தண்ணி நண்டு என்பார்கள். வியாபாரி வாங்க மாட்டான், வீட்டில் சமைத்தாலும் குழம்பு நீர்த்துப்போகும். பிடிபட்டால் திரும்ப ஏரியில் விட்டுவிடுவதுதான் வழக்கம்.

"அப்ப இத்தினி மாசமா?"

"இத்தினி மாசமா தண்ணி நண்டு தான். நீ தானடி சொன்ன, சதையே வேணாம், ரத்தம் மட்டும் போதும்னு. தண்ணி நண்டுல ரத்தத்தத் தவிர இன்னா கீது? எப்டியும் வுடப்போற நண்டு. உனுக்கும் ஆச்சு, அதுக்கும் உசுரு ஆச்சுனு நெனச்சேன்."

அவள் சொன்னதில் ஒரு ஓட்டையும் இல்லை. நான் கேட்டதை அவள் ஒரு அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறாள். அது அந்த நிமிஷமே எனக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் இன்னும் கத்தினேன்.

"ஒரு வார்த்த என்னாண்ட கேட்டிருக்கக் கூடாதா? தண்ணி நண்டக் குடுத்து என் படிப்பையே நாசம் பண்ணிட்ட! ஆராய்ச்சின்னா உனுக்கு இன்னாடி தெரியும்?"

அண்ணி என்கிற வார்த்தை எங்கே போனதோ தெரியவில்லை. துணி பிழிந்துகொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டார்கள். அவள் பறியைக் கீழே வைத்தாள். நிதானமாகத்தான் பேசினாள்.

"எனுக்கு இன்னா தெரியும்? ரத்தம் வேணும்னு சொன்ன. எதுக்குனு ஒரு நாள் சொன்னியா? சொல்லியிருந்தா தெரிஞ்சிருக்கும்."

பறியை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டாள். பின்னால் ஓட வேண்டும் போல இருந்தது. ஓடவில்லை.

பத்தாம் வகுப்பில் அவள்தான் பள்ளியிலேயே முதல் மார்க். நான் இரண்டாவது. அறிவியல் நோட்டில் அவள் வரைந்த இதயத்தின் படத்தைப் பார்த்துத்தான் நான் வரைவேன். பரீட்சைக்கு முந்தின நாள் எனக்குத் தெரியாததை எல்லாம் படகில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தது அவள்தான். அவளைப் பார்த்துத்தான் உனக்கு என்னடி தெரியும் என்று கேட்டிருக்கிறேன். அதுமட்டுமா? நண்டின் அடிவயிற்றில், கால் முளைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் கட்டைவிரலால் அழுத்தினால் போதும். அமுங்கினால் தண்ணி நண்டு, கல்லாக நின்றால் சதை நண்டு. எங்கள் ஊரில் மூக்கு ஒழுகுகிற பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. நானே ஆயிரம் நண்டை அழுத்தியிருப்பேன். ஆனால் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்ட பிறகு, கையுறை போட்ட விரலால் ஒரு நண்டைக்கூட அழுத்திப் பார்க்கவில்லை. ரத்தத்தில் செல்களை ஒவ்வொன்றாக எண்ணியவளுக்கு, அந்த ரத்தத்தைச் சுமக்கிற நண்டைத் தொட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவள் முற்றத்தில் உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தாள். நான் போய் எதிரில் உட்கார்ந்தேன். மன்னிப்பு என்கிற வார்த்தை எங்கள் வீட்டில் யாருக்கும் வாயில் வராது. அதனால் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். காவல்கார செல், சாது பாக்டீரியா, ஆறு குழாய், இன்னொரு ஆறு குழாய், பொங்கல் கெடு, எல்லாவற்றையும். அவள் தலை நிமிராமல் செதில் சுரண்டிக்கொண்டே கேட்டாள். சொல்லி முடித்ததும் அரிந்த மீனைச் சட்டியில் போட்டாள்.

"தோலு கழட்டுன நண்டு வளைய வுட்டு வராது" என்றாள். "எதையும் துன்னவும் துன்னாது, சொரத்தில்லாம கெடக்கும். அது ரத்தத்துல கீறது மட்டும் சுறுசுறுப்பா துன்னுமா?"

"எண்ணிக்கை சரியாத்தான் போட்டேன், அண்ணி."

"தல இருந்தா போதுமாடி? பசி வாணாமா?"

திங்கட்கிழமை அவள் கொடுத்த வாளியில் நாலு தண்ணி நண்டும் நாலு சதை நண்டும் இருந்தன. பேராசிரியையிடம் உண்மையைச் சொன்னேன், என்னுடைய முட்டாள்தனத்தையும் சேர்த்து. அவர் நுண்ணோக்கியைக் காட்டினார். இரண்டு ரத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தண்ணி நண்டின் செல்கள் பாக்டீரியாவைச் சுற்றி அசமந்தமாகக் கிடந்தன. எதையாவது விழுங்கியிருந்த செல்லைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. சதை நண்டின் செல்கள் ஒவ்வொன்றும் நாலு ஐந்தை விழுங்கி உப்பிக்கிடந்தன. இத்தனை மாதமும் நான் என் பாக்டீரியாவுக்கு வைத்திருந்த காவல், தூங்குகிற காவல். பயப்படாமல் கொழுத்ததில் அதன் தப்பு எதுவும் இல்லை. பேராசிரியை நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு, "மார்ச் கடைசி வரை. அதற்கு மேல் ஒரு நாள் கேட்காதே" என்றார். காலில் விழாத குறை.

இந்த மாதிரி ஆராய்ச்சியில் ஒரு பெரிய வரம் உண்டு. சோதனையின் முதல் நாளில் இருந்த பாக்டீரியாவைக் கொஞ்சம் எடுத்து, பல் கிட்டிக்கொள்கிற குளிரில் ஃப்ரீசரில் வைத்துவிடுவோம். சாகாது, வயதாகாது, அப்படியே உறங்கும். எப்போது வேண்டுமானாலும் எழுப்பி முதல் நாளிலிருந்து மறுபடி ஆரம்பிக்கலாம். அந்தச் சின்னக் குப்பியை வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்தபோது எனக்கு அழுகை வந்தது. ஏரிக்கரையில் சொன்ன வார்த்தைக்கு இப்படி ஒரு குப்பி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் ஆட்டத்தில் வாளியோடு சீட்டும் வர ஆரம்பித்தது. ஒவ்வொரு நண்டுக்கும் ஒரு துண்டுக் காகிதம், நனையாமல் இருக்கப் பால் பாக்கெட் உறைக்குள் மடித்து, கொடுக்கு கட்டிய கயிற்றிலேயே முடிந்திருக்கும். எந்த நாள், எந்த இடம், தண்ணீர் ஏற்றமா வற்றமா, ஆணா பெண்ணா, அழுத்திப் பார்த்ததில் என்ன. குண்டு குண்டான எழுத்து. பத்து வருஷம் கழித்தும் அந்த எழுத்து மாறவே இல்லை. நான் எதையும் கேட்கவில்லை, அவளாகவே எழுதினாள். ஒரு வாரம் ஏழு நண்டில் 'சதை' என்றும் எட்டாவதில் 'சந்தேகம்' என்றும் எழுதியிருந்தது. அந்த எட்டாவதை நான் பயன்படுத்தவில்லை. 'சந்தேகம்' என்று எழுதத் தெரிந்தவளைத்தான் ஆராய்ச்சி தெரியாதவள் என்றேன்.

தை பிறந்தது. பாக்டீரியா தினமும் செத்துச் செத்துப் பிழைத்தது. இரண்டு தடவை மூன்றாம் குழாயில் கிட்டத்தட்ட ஒன்றுமே மிஞ்சவில்லை. மாசி முதல் வாரம், ஒரு காலை, அந்த மூன்றாம் குழாய் தெள்ளத் தெளிவாக இருந்தது. போச்சு என்று எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. குலுக்கினால் இட்லி மாவுத் திப்பி மாதிரி எழும்பி, மறுபடி அடியில் போய் உட்கார்ந்தது. நுண்ணோக்கியில் வைத்தேன். தனித்தனியாகத் திரிந்த பாக்டீரியா எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கொத்துக் கொத்தாக இருந்தது. ஒரு நண்டுச் செல் ஒரு கொத்தை விழுங்கப் பார்த்தது. வளைத்தது, இழுத்தது, வாய் கொள்ளவில்லை. விட்டுவிட்டுப் போய்விட்டது.

நான் போட்ட கூச்சலில் அடுத்த அறையிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள்.

மாசி முடிவதற்குள் ஆறில் நாலு குழாய்கள் கொத்தாகிவிட்டன. ஐந்தாவது ஒட்டவில்லை, மேலே வழவழவென்று ஒரு போர்வையைப் போர்த்திக்கொண்டது. ஆறாவது கடைசி வரை மாறவே இல்லை, அதிர்ஷ்டத்திலேயே காலம் தள்ளியது. தப்பித்ததற்கு அவை கொடுத்த விலையும் தெரிந்தது. கொத்தாக இருந்தவை மெதுவாகத்தான் வளர்ந்தன. நடுவில் இருப்பவற்றுக்குச் சாப்பாடு சரியாகப் போய்ச் சேராது. காவல்காரன் இல்லாத குழாயில் பழைய பாக்டீரியாவோடு போட்டியிட்டால் தோற்றுப்போகும். டீக்கடையில் கேட்டவர்களுக்கு நான் முன்பே சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்: இங்கே தப்பிக்கக் கற்றது வேறு எங்கேயோ தோற்றுவிடுகிறது, நீங்கள் தைரியமாக டீ குடிக்கலாம்.

அந்தக் குழாயை ஊருக்குக் கொண்டுபோக முடியாது. அதனால் அண்ணியைக் கூட்டி வந்தேன். கல்யாணத்துக்குப் போகிற புடவையில் வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றப் போனாள், போட்டுக்கொண்டுதான் வர வேண்டும் என்றேன். வெள்ளைக் கோட்டை மாட்டிவிட்டேன். கண்ணாடிக் கதவில் தன்னைப் பார்த்துவிட்டு, "நர்ஸம்மா மாதிரி கீறேன்" என்றாள். பிறகு நுண்ணோக்கியில் குனிந்தவள் நிமிரவே இல்லை. சேற்றில் இறால் தடவுகிறபோது இருக்கிற அதே குனிவு. அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நான் நின்றேன். இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டியவள் யார் என்று எனக்குத் தெரியும். சொல்லத் தைரியம் வரவில்லை.

பேராசிரியை வந்து பக்கத்தில் நின்றார். அண்ணி கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"மேடம், இந்தக் காவல்கார செல்ல எடுத்துட்டா, இதுங்க மறுபடி தனித்தனியா பிரிஞ்சிருமா? இல்ல, ஆபத்து போன அப்பறமும் இப்டியே ஒட்டிக்கினு கஷ்டப்படுமா?"

பேராசிரியை என்னைப் பார்த்தார். "இதைச் செய்து பார்த்தாயா?"

"இல்லை மேடம்." போட்டியில் தோற்கிறது என்று பார்த்தவள், திரும்பி மாறுமா என்று பார்க்கவில்லை.

"செய். அதுதான் உன் கடைசி அத்தியாயம்." பிறகு அண்ணியிடம், "எது வரை படிச்சிருக்கீங்க?" என்றார்.

"பத்து, மேடம்" என்று அண்ணி கோட்டுப் பொத்தானைத் திருகினாள்.

"பத்தாவதுல ஸ்கூல் ஃபர்ஸ்ட், மேடம். நான் செகண்ட்" என்றேன் நான். "என் நோட்டில் குண்டு எழுத்தில் ஒட்டியிருக்கிற சீட்டு எல்லாம் இவங்க எழுதினதுதான்."

"அது எதுக்குடி இப்ப" என்று முணுமுணுத்தாள். ஆனால் நிமிர்ந்துதான் நின்றாள்.

அந்தச் சோதனைக்காகக் கெடுவைப் பேராசிரியையே தள்ளிவைத்தார், நான் கேட்கவில்லை. நாலு குழாய்களில் மூன்று, காவல் போன சில வாரங்களில் மெல்ல மெல்லப் பிரிந்து, பழையபடி கலங்கலாக நீந்த ஆரம்பித்தன. ஒன்று மட்டும் பிரியவே இல்லை. ஏன் என்று இன்னும் எனக்குத் தெரியாது. அதைத்தான் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன், பட்டம் வாங்கிய பிறகும் அதே கல்லூரியில். நண்டு இன்னும் அண்ணிதான் தருகிறாள், சீட்டோடு.

ஆனால் எனக்கு அடிக்கடி ஞாபகம் வருவது பட்டம் வாங்கிய நாள் இல்லை. அண்ணி நுண்ணோக்கியில் பார்த்த அன்று நாங்கள் இரண்டு பேரும் ஊர் திரும்பிய ரயில்தான். வெள்ளிக்கிழமை மத்தியானம், காலடியில் ரத்தம் கொடுத்த எட்டு நண்டு. வாளியை லேசாக ஆட்டினேன். பக்கத்து அம்மா நகர்ந்தார், அண்ணிக்கும் இடம் கிடைத்தது. அவள் வாளிக்குள் கையை விட்டு ஒரு நண்டின் அடிவயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, திருப்தியாகக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அடுத்த வாரம் எத்தினி வேணும்?"

"பன்னெண்டு, அண்ணி."

"எதுக்கு?" என்றாள்.

பொன்னேரி வருகிற வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.